மிஸ்ஸியம்மா போர்வைக்குத் தொங்கல் வைத்தது

வெள்ளைக்கார மிஷனரியான மிஸ்ஸியம்மாவின் பங்களா வராந்தாவில் ரசலையன் வாத்தியார் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்தால், ஒரு ஆள் அதற்குள் பி.ஏ. படித்து முடித்திருக்கலாம். உள்ளே போனது கிடையாது. உள்ளே வாரும் என்று சொல்ல மிஸ்ஸியம்மாவுக்குத் தோன்றவில்லை. வாசலில் ஒரு அரைக்கதவு உண்டு. மேலேயும் கீழேயும் திறப்பு, நடுவில் மட்டும் மறைப்பு. தலை குனிந்து நிற்கிற பழக்கமுள்ள மனிதருக்கு அதில் கீழ்த்திறப்பு மட்டும்தான் தெரியும். கீழ்த்திறப்பில் சாப்பாட்டு மேசையின் கால்கள் தெரியும். மேசைவிரிப்பின் ஓரத்திலிருந்து இறங்குகிற வெள்ளைத் தொங்கல் தெரியும். வருஷக்கணக்காக இதையே பார்த்துப் பார்த்து, ஆங்கில நாகரிகம் என்பது அடிப்படையில் ஒரு தொங்கல் என்ற முடிவுக்கு ரசலையன் வந்திருந்தார்.

தக்கலையிலிருந்து இரணியலுக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது கிருபாபுரம். ஒரு வேதக்கோவில், ஒரு பங்களா, ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்மார் இரண்டு பேர். இரண்டு பேரில் ஒருவர் ஹெட்மாஸ்டர் ஆகாமல் தப்ப முடியாது, ரசலையன் ஆனார். ஆன அன்றைக்கே மூடின கோட்டு ஒன்று தைத்து, அதில் ஒரு கடிகாரச் சங்கிலி மாட்டினார். சங்கிலியின் அந்த முனையில் கடிகாரமும் இருந்தது. ஓடாது. நேரம் கேட்கிறவர்களிடம் அவர் அதை எடுத்துப் பார்த்து, பிறகு சூரியனைப் பார்த்து, பிறகு நேரம் சொல்லுவார்.

அவர் மனைவி எலிசா மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். காலராவில் வீடு முழுக்கப் போய், கைக்குழந்தையாக வந்து சேர்ந்தவள். மற்றப் பெண்களுக்கெல்லாம் கோபித்துக்கொண்டு போக ஒரு தாய்வீடு உண்டு. இவளுக்கு சனிக்கிழமை மத்தியானம் கோவிலில் கூடுகிற மாதர் சங்கம்தான் தாய்வீடு. அதிலும் தாணம்மாள்.

தாணம்மாள் ஓடைக்கு அந்தப் பக்கம் பனவிளையில் இருந்தாள். அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் வேறொன்று இருந்தது. அதைக் கொடுத்த போதகரே மறந்துவிட்டார். புருஷன் பனை ஏறுவான், அவன் இறக்குகிற அக்கானியை இவள் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பாள். எலிசாவின் பிள்ளை பிறந்து தங்காமல் போனபோது, அடுப்பையும் அக்கானியையும் போட்டுவிட்டு வந்து, அந்த மாதம் முழுக்க அவள் பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தவள் தாணம்மாள். அதன் பிறகு எலிசா பனவிளைக்குப் போனால் அடுக்களைத் தரையில் சம்மணமிட்டு உட்காருவாள். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கைத் தாணம்மாள் ஒரே தட்டில் கொட்டுவாள். இரண்டு பேர் கையும் ஒரே காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியில் முங்கும்.

"ஏட்டி, வாத்தியாரு அறிஞ்சா என்ன சொல்லுவாரு?" என்பாள் தாணம்மாள்.

"அவரு அறியண்டாம்" என்பாள் எலிசா.

அவர் அறிந்துதான் இருந்தார். ஹெட்மாஸ்டர் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து ஏட்டி என்று அழைக்கப்படுவது அவருக்குக் கோட்டுக்குள் மணல் விழுந்த மாதிரி இருந்தது.

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், வைகாசியில் வருகிற இடவப்பாதி மழைக்கு முன்னால் கிரேஸ் மிஸ்ஸியம்மா சீமையிலுள்ள தன் ஊருக்குப் போவதாக இருந்தது. இனி திரும்பி வரமாட்டாள். மாலை வேண்டாம், வெள்ளித்தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சீமையிலிருந்து பெட்டியில் வந்த சிவப்பும் வெள்ளையுமான கம்பளி நூலை எடுத்து, சங்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் கொக்கி ஊசிப் பின்னல் சொல்லிக் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு கட்டம். எல்லாக் கட்டத்தையும் சேர்த்து ஒரு போர்வை.

"அங்கே குளிர் மிகுதி" என்றாள் வேதாகமத் தமிழில். "நான் படுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் தொடுவேன். அதைப் பின்னினவளுடைய பேரைச் சொல்லுவேன். அவளுக்காக ஜெபம்பண்ணுவேன்."

இதைக் கேட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கம்பளியை அந்த ஊரில் யாரும் போர்த்தியது கிடையாது, போர்த்தினால் வெந்துவிடும். ஆனால் கடல் தாண்டிப் போய்த் தன் பேர் தினமும் சொல்லப்படும் என்பது வேறு விஷயம். பனவிளைப் பெண்கள் அக்கானி காய்ச்சுகிற அடுப்பு முன்னால் உட்கார்ந்தே சிவப்பு நூலில் பின்னினார்கள். அவர்களுடைய கட்டங்களில் புகை வாசம் இருந்தது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. தாணம்மாளுடையது ரொம்பவே கோணல். அதன் நடுவில் நீலமாக ஒரு நூல் ஓடியது.

"இதென்ன மைனி, நீலம்?" என்று கேட்டாள் சங்கத்தில் நாக்குக்குப் பேர்போன நேசபாய். "பெட்டியில நீலம் கிடையாதுல்லா."

"சுந்தர்சிங்குக்கச் சாரத்துல உள்ள நூலாக்கும்." சுந்தர்சிங் அவள் மகன்; சாரம் அவன் விட்டுப்போன கைலி. கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு என்று கப்பல் ஏறியவன். ஏறினவன் ஏறினவன்தான், ஒரு விவரமும் இல்லை. "மிஸ்ஸியம்மா எனக்க கட்டத்தைத் தொடும்போ அவனையும் தொட்டதாட்டு இருக்கட்டு."

நேசபாய் தலை குனிந்து தன் கட்டத்தைப் பின்னினாள்.

கட்டங்களைச் சேர்த்து மூட்டுகிற வேலை எலிசாவுக்கு வந்தது, அவள் கை சுத்தமான கை என்பதால். கோணல்களை இழுத்தும் தளர்த்தியும் எப்படியோ நேராக்கினாள். பனவிளைக் கட்டங்கள் வந்து சேரப் பிந்தியதால் அவை எல்லாம் கடைசி வரிசையாக அடியில் அமைந்தன. ஓரம் அடித்து, முடிச்சிட்டு, கூடத்தில் விரித்துப் போட்டாள். வழியனுப்புகிற கமிட்டிக்குச் செக்ரட்டரியான ரசலையன் பார்வையிட வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார்.

"இதென்னட்டி, ஓரம் மொட்டையாட்டு நிக்குது?"

"ஓரம் அடிச்சிருக்கேன். பாருங்க."

"தொங்கல் எங்க?"

"போர்வைக்கு எதுக்குத் தொங்கல்? மூக்குல கேறும்."

"சீமையில தொங்கல் இல்லாத துணியே கிடையாது. நான் பாத்திருக்கேன்."

அவர் பார்த்த சீமை எந்த உயரம் வரை என்று எலிசாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

"இஞ்ச கேளு" என்றார், குரலைத் தாழ்த்தி, கல்யாணமான புதிதில் பேசுகிற மாதிரி. "கட்டம் எல்லாவளும் பின்னினா. நேசபாயும் பின்னினா, பனவிளைக்காரியும் பின்னினா. அதுல ஹெட்மாஸ்டர் வீட்டுக் கை எதுன்னு யாருக்குத் தெரியும்? தொங்கல்னா நாலு பக்கமும் நம்ம கை. எல்லாத்தையும் நாம சுத்திப் பிடிச்சு நிக்கிற மாதிரி."

"நூலு இல்ல. பெட்டி காலி."

அவர் போர்வையைப் பார்த்தார். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவரின் கண் அடியில் போய் நின்றது.

"இந்த வரிசை எதுக்கு? நீளம் கூடுதல்."

எலிசாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அது பனவிளை வரிசை."

"தெரியுது. மணக்குதுல்லா. மிஸ்ஸியம்மா காலுல கருப்பட்டி மணம் அடிச்சா நமக்கு மானக்கேடு."

"மிஸ்ஸியம்மா தொட்டு, பேரு சொல்லி ஜெபம் பண்ணுவேன்னு சொன்னாங்க. அவங்களுக்குக் கட்டம் இல்லைன்னா..."

"ஜெபத்துக்குக் கட்டம் வேணுமா? கர்த்தருக்கு ஆளு தெரியாதா?" என்றார் ரசலையன். வேறு எந்தக் காரியத்திலும் கர்த்தருடைய ஞாபகசக்தியை அவர் இவ்வளவு நம்பியது கிடையாது. "எனக்க பிரசங்கத்துல ஒரு வரி சேத்திருதேன். பனவிளைச் சகோதரிகளும் ஊக்கமாய் உழைத்தார்கள் என்று. கட்டத்தை விடப் பிரசங்கம் பெரிசு."

பிரசங்கம் பெரியதுதான், அதில் சந்தேகம் இல்லை. எலிசா இரண்டு நாள் பிடித்து நின்றாள். பிடித்து நின்றாள் என்றால், ஒன்றும் பேசாமல் சோறு போட்டாள் என்று அர்த்தம். மூன்றாம் நாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, அந்த வரிசையின் தையலைப் பிரித்தாள்.

பின்னல் பிரிவது பயங்கரமான சுலபம். முடிச்சைத் தேடி அவிழ்த்து ஒரு நுனியை இழுத்தால் போதும். கண்ணி கண்ணியாகத் தானே ஓடி வரும். ஒருத்தி பங்குனி முழுக்கக் குனிந்து உட்கார்ந்து செய்தது ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் நூலாகிவிட்டது. தாணம்மாளின் கட்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதையும் இழுத்தாள். நடுவில் நீல நூல் தனியாகக் கழன்று மடியில் விழுந்தது. அதைத் தூரப்போடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை, முந்தானையில் முடிந்தாள்.

தொங்கலுக்கு அளவுகோல் வேண்டும். ரசலையன் தன் அடிக்கோலைக் கொடுத்தார். கிருபாபுரத்துப் பிள்ளைகளின் உள்ளங்கைகள் எல்லாம் நன்றாக அறிந்த கோல். அதைப் போர்வையின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்து, நூலைக் கோலைச் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கி ஊசியால் ஓரத்தில் ஒரு கண்ணி போட்டுப் பூட்ட வேண்டும். மறுபடி சுற்று, மறுபடி பூட்டு. கோலை உருவினால் வளையம் வளையமாக, ஒரே நீளத்தில், வெட்டாத தொங்கல். பிரித்ததையெல்லாம் முடிந்து சேர்த்த ஒரே நூல்தான் சுற்றி வரும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் பக்கம் முடிந்து கோலை உருவினபோது எலிசாவுக்குப் பிடித்திருந்தது. சிவப்பு வளையங்கள் வரிசையாக ஆடின. நாம் செய்ததுதானா என்று விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். பார்த்தவள், எதைப் பிரித்து இதைச் செய்தோம் என்று நினைவு வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். புருஷன் சொன்னதனால் செய்தேன் என்று அதுவரை மனதுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அந்தத் தடவலோடு அது போயிற்று.

நாலாவது பக்கத்தில், பரிகாரம் மாதிரி, முந்தானையை அவிழ்த்து நீல நூலை எடுத்து ஒரு வளையத்தோடு சேர்த்துப் பின்னினாள். சுந்தர்சிங்காவது போகட்டும் என்று. அறுத்த தலைக்குப் பூ வைக்கிற காரியம்தான். ஆனால் அவளுக்கு அது கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது.

கடைசி மூலையில் நூல் தீர்ந்தது. முடிச்சிடக் கூட மிச்சம் இல்லை. நுனியைத் திருகி ஓரத்துக்குள் செருகினாள்.

"போதும், போதும். யாரு பிடிச்சு இழுக்கப் போறா?" என்றார் ரசலையன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவிலில் குருத்தோலைத் தோரணம். சபை முழுக்கக் கூடியிருந்தது. பீடத்துக்கு முன்னால் மேசை, மேசைமேல் போர்வை, தொங்கல் நாலு பக்கமும் தெரிகிற மாதிரி மடித்து. பனவிளைப் பெண்கள் எண்ணெய் தேய்த்துச் சீவி, துவைத்த வெள்ளை உடுத்து, வந்தவுடன் வழக்கம்போல வாசல் பக்கத்துப் பாயில் உட்காராமல், ஒரு தடவை மேசைப் பக்கம் வந்தார்கள்.

"அம்மாடி, தொங்கல் எல்லாம் வச்சிருக்கா" என்றாள் நேசபாய். "நம்ம கட்டத்துக்கெல்லாம் வாத்திச்சி வேலி கட்டியாச்சு, பாத்தியளா."

தாணம்மாள் அதைக் கவனிக்கவில்லை. போர்வையின் மடிப்பை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தாள். "ஏட்டி எலிசா, எனக்க கட்டம் எந்தப் பக்கம் வருது? மிஸ்ஸியம்மாகிட்டக் காட்டிக் குடுக்கணும். சுந்தரனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்னு நினைச்சிட்டு வந்தேன்."

"அடியில இருக்கு" என்றாள் எலிசா. "மடிப்புக்குள்ள."

"அப்பம் விரிக்கும்போ தெரியும்லா?"

"தெரியும்."

தாணம்மாள் அவள் தோளைத் தட்டினாள். "உனக்க முகம் ஏன் இப்படி இருக்கு? உறங்கல்லியா? மெனக்கெட்டிருப்ப பாவம்." போகிறபோக்கில் தொங்கலை ஒரு தரம் தொட்டு, "நல்ல சேலு மக்கா, அழகாட்டு இருக்கு" என்றுவிட்டுப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

ரசலையன் முதலில் இங்கிலீஷில் வாசித்தார். மிஸ்ஸியம்மாவை ஒரு கலங்கரை விளக்கு என்றார், ஒரு தேனீ என்றார், ஒரு தாய்க்கோழி என்றார். மிஸ்ஸியம்மா எது என்று நிச்சயிக்க முடியாமல் சபை தமிழுக்காகக் காத்திருந்தது. தமிழில் இன்னும் நீண்டது. பனவிளைச் சகோதரிகள் ஊக்கமாய் உழைத்த வரியும் வந்தது. பாயில் இருந்தவர்கள் தங்கள் பேர் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எலிசா அந்த நேரம் முழுக்கத் தூணின் நிழலில் நின்று, போர்வையைப் பார்க்காமல் இருக்க ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் போர்வையை இரண்டு கைகளிலும் ஏந்தி, மார்போடு அணைத்து, மிஸ்ஸியம்மாவிடம் கொடுத்தார். வெள்ளைக்காரிக்கு முதுகு காட்டலாகாது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. தலை குனிந்தபடி பின்புறமாகவே நடக்க ஆரம்பித்தார்.

அணைத்தபோது கடைசி மூலையின் கடைசி வளையம் கடிகாரச் சங்கிலியில் மாட்டியிருந்தது.

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்; செருகியிருந்த நுனி வெளியே வந்தது. இன்னொரு அடி வைத்தார். ஒரு வளையம் மறைந்தது. பிறகு வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மணி உருளுகிற மாதிரி, ஓரத்தைவிட்டு ஓடின. அவருக்கும் மிஸ்ஸியம்மாவுக்கும் நடுவில் ஒரு சிவப்பு நூல் நீண்டுகொண்டே போயிற்று. குனிந்த தலைக்கு இதெல்லாம் தெரியவில்லை. சபையும் முதலில் இதை ஒரு சடங்கு என்றே எடுத்துக்கொண்டது. இங்கிலீஷ் படித்தவர் செய்கிறார், ஏதாவது இருக்கும். பின்பக்கம் யாரோ எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்க வேண்டிய கட்டம் போலிருக்கிறது என்று எல்லாரும் நின்றார்கள்.

நேசபாய்தான் சொன்னாள். "சார், நில்லுங்க. நீங்க போறதோட போர்வையும் போகுது."

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி, கோவில் என்பதை நினைத்து அடங்கி, அடங்க முடியாமல் மறுபடி கிளம்பியது. ரசலையன் நின்றார். சங்கிலியைப் பார்த்தார். நூலைப் பிடித்து இழுத்தார்; இன்னும் கொஞ்சம் பிரிந்தது.

சிரிக்காத ஒருத்தி தாணம்மாள். தரையில் நூல் கிடந்து மிதிபடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, நூலைக் கையில் சுற்றி உருண்டையாக்கிக்கொண்டே மேசையை நோக்கி நடந்தாள். எலிசாவுக்குப் போய்த் தடுக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் தாணம்மாளின் விரல்கள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றின விரல்கள் ஒரு இடத்தில் நின்றன.

சிவப்போடு சேர்ந்து நீலமாக ஒரு நூல் வந்திருந்தது.

தாணம்மாள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு போர்வையைப் பார்த்தாள். மிஸ்ஸியம்மா அதை இப்போது மேசையில் முழுக்க விரித்திருந்தாள். தாணம்மாள் மேலிருந்து அடிவரை பார்த்தாள். பிறகு தூணுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இது சுந்தரனுக்கச் சாரத்து நூலு" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

ஆமென்று எலிசா தலையை அசைத்தாள்.

"என்னோடது மட்டுமா, எங்க வரிசை முழுக்கவா?"

"முழுக்க."

தாணம்மாள் பாயில் இருக்கிற பனவிளைப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மிஸ்ஸியம்மா கையைத் தட்டி, பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லி, ஒவ்வொருத்தியாக வந்து தன் கட்டத்தைக் காட்டச் சொன்னாள். நேசபாய் முதலில் போனாள். கட்டத்தைத் தொட்டு, பேர் சொல்லி, கையைப் பிடித்தாள் மிஸ்ஸியம்மா. அடுத்தவள் போனாள். அதற்கு அடுத்தவள். பனவிளைப் பெண்கள் எழுந்து முன்னால் வரப் பார்த்தபோது தாணம்மாள் கையைக் காட்டி அவர்களை உட்காரச் சொன்னாள். ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்தார்கள்.

"தாணம்மாள் எங்கே?" என்றாள் மிஸ்ஸியம்மா. "உன் கட்டம் எது?"

ரசலையன் சங்கிலியில் சிக்கின நூலை அவிழ்ப்பதில் மிகவும் மும்முரமானார். எலிசாவுக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நான்தான் பிரித்தேன் என்று ஒரு வார்த்தை. அது தொண்டைவரை வந்தது. வந்ததும், கூட்டம் முழுக்கத் திரும்பித் தன்னைப் பார்க்கப்போவது அவளுக்குத் தெரிந்தது. வார்த்தை அங்கேயே நின்றது.

"எனக்குப் பின்னி முடியல்ல அம்மா" என்றாள் தாணம்மாள். "பனைக் காலம்லா, ஜோலி. எங்க ஆளுவ ஒருத்திக்கும் முடியல்ல."

மிஸ்ஸியம்மாவின் முகம் வாடியது. "சோம்பல் நல்லது அல்ல தாணம்மாள்" என்றாள், அன்பாகத்தான். "ஆனாலும் நான் உங்களை நினைப்பேன்."

"சரி அம்மா" என்றாள் தாணம்மாள். சுந்தர்சிங்கைப் பற்றிச் சொல்ல வந்தவள் அதைச் சொல்லவில்லை. கட்டம் இல்லாதவள் என்ன உரிமையில் கேட்பது என்று நினைத்தாளோ என்னமோ.

பாய்க்குத் திரும்புகிற வழியில் உருண்டையை எலிசாவின் கையில் வைத்தாள். நீல நூலை மட்டும் பிரித்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்தாங்க வாத்திச்சியம்மா. உங்க சாமானு. பிடியுங்க."

அதுவரைக்கும் எலிசாவை அவள் ஒரு நாளும் நீங்க என்று சொன்னது கிடையாது.

மிஸ்ஸியம்மா போனாள். போர்வையின் மூன்று பக்கம் மொட்டையாகவும் ஒரு பக்கம் தொங்கலாகவும் போயிற்று. ரசலையன் ஒரு வாரம் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு விளக்கத்தோடு வெளியே வந்தார். சீமையில் கப்பல் புறப்படும்போது கரையில் நிற்கிறவர்கள் ஒரு நூலின் நுனியைப் பிடித்துக்கொள்வார்களாம், கப்பல் போகப்போக நூல் பிரியுமாம், பிரிவின் அடையாளம். அதைத்தான் சூசகமாகக் காட்டினாராம். தக்கலைச் சந்தையில் இரண்டு பேர் இதை நம்பினார்கள். அது போதுமானதாக இருந்தது.

எலிசாவுக்கு விளக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மாதர் சங்கத்துக்குப் போனாள். நேசபாய் வேலி என்று ஒரு வார்த்தை பேசிச் சிரித்தாள், அது வலிக்கவில்லை. பனவிளைப் பெண்கள் பாயில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். வேண்டியதற்கு மேலேயே விட்டார்கள். இரண்டு பக்கமும் காலி. அது வலித்தது.

நூல் உருண்டையை எடுத்து மறுபடி பின்னினாள். வரிசை முழுக்கப் பின்னக் காணாது. ஒரு பக்கத்து நூல் போர்வையோடு கப்பலில் போயிருந்தது. ஒரு கட்டம் பின்னினாள். அதை எடுத்துக்கொண்டு, மழை விட்ட ஒரு காலையில் ஓடையைக் கடந்து பனவிளைக்குப் போனாள்.

தாணம்மாள் அடுப்படியில் இருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாங்க வாத்திச்சியம்மா."

எலிசா வழக்கம்போல அடுக்களைக்குள் கால் வைத்துத் தரையில் உட்காரப் போனாள்.

"ஐயோ, அங்க இருக்கப்பிடாது. கரியாகும்." தாணம்மாள் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி வந்தாள். முந்தானையால் துடைத்து முற்றத்தில் போட்டாள். எலிசா உட்கார்ந்தாள். தாணம்மாள் நின்றாள். கருப்பட்டிக் காப்பி வந்தது, ஒரு கண்ணாடித் தம்ளரில். அந்த வீட்டில் அப்படி ஒரு தம்ளர் இருப்பதே எலிசாவுக்குத் தெரியாது. கிராமம் பார்க்க வருகிற போதகருக்கு என்று வைத்திருந்ததாக இருக்கும்.

"அக்கா" என்றாள் எலிசா. கட்டத்தை நீட்டினாள். "நடுவுல அந்த நீல நூலைக் கோத்து எடுத்தா, மிஸ்ஸியம்மாவுக்கு அனுப்பலாம். நான் அனுப்புதேன். எல்லாத்தையும் சொல்லி அனுப்புதேன்."

தாணம்மாள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவினாள்.

"நேராட்டு இருக்கு" என்றாள். "எனக்க கை இப்படி வராது. இது உங்க கட்டமாக்கும்."

"உங்களுக்காட்டுத்தான் பின்னினேன்."

"அது சரி. மிஸ்ஸியம்மாவுக்கு எனக்க கை தெரியும். சும்மா எதுக்கு அவங்களையும் ஏமாத்தணும்?" கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்தால் ஏட்டி என்று வந்திருக்கும். கட்டத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "காப்பி ஆறுது. குடியுங்க."

உள்ளே அடுப்பில் மரச்சீனி வெந்துகொண்டிருந்தது. ஆவி முற்றம் வரைக்கும் வந்தது. தாணம்மாள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் வீட்டுக்காரிக்கு மரச்சீனி கொடுக்கலாகாதுதானே. எலிசா காப்பியைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவப் போனபோது தாணம்மாள் பதறி வாங்கிக்கொண்டாள். ஓடைவரை கூட வந்து, "பாத்துப் போங்க, வழுக்கும்" என்று சொல்லி நின்றாள்.

மத்தியானம் ரசலையன் சாப்பிட வந்தார்.

"பனவிளைப் பக்கம் போனியாமே. அந்தக் கரித்தரையிலதானே இருந்த?"

"இல்ல. ஸ்டூலு போட்டாங்க."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "ஸ்டூலா?"

"ஆமா. கண்ணாடித் தம்ளர்ல காப்பி. வாங்க, போங்கன்னுதான் பேச்சு. ஓடைவரைக்கும் கூட வந்து விட்டாங்க."

ரசலையன் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு வந்தது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். சங்கிலி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பாத்தியா" என்றார். "தொங்கல் அறுந்தாலும் காரியம் நடந்துபோச்சு. இனி ஒருத்தியும் உன்னய ஏட்டின்னு சொல்லமாட்டா."

"சொல்லமாட்டா" என்றாள் எலிசா.

அன்றைக்கு அவர் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். எலிசா தலை நிமிராமல் பரிமாறினாள்.